ஒலி நாசில் ட்ரையர்: வேகமா, வெறும் இரைச்சலா?

கோட்டிங் லைன் ட்ரையருக்குள் (ஃபிலிம், காகிதம் மீது பூசியதை உலர்த்தும் பகுதி) கூடுதலாகப் பொருத்தும் ஒலி நாசில் பற்றிய மதிப்பீடு இது. அழுத்தக் காற்றைப் பீய்ச்சி விசில்போல ஒலி எழுப்பும் வகை. "சூட்டைக் கூட்டாமலே வேகம் கூடும்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதில் பாதி உண்மை.

ஈரப் பரப்பை ஒட்டி நகராமல் கிடக்கும் மெல்லிய காற்றுப் படலம், வெப்பம் உள்ளே போவதையும் நீராவி வெளியேறுவதையும் தடுக்கிறது. 150 டெசிபலைத் தாண்டிய ஒலி அந்தப் படலத்தை உலுக்கிக் கலைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். அந்தக் கணக்கு ஒலியால் மாறாது.

அதனால் ஃபிலிம், காகிதம் மீது பூசிய நீர் சார்ந்த மெல்லிய கோட்டிங்குக்கு இது ஒத்துவரும். கனமான மரப்பலகைக்கு வீண். அங்கே ஈரம் உள்ளிருந்து மேலே வருவதுதான் தாமதம். காற்றில் வரும் ஒலியோ பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும்.

வாங்குமுன் ஒரு சோதனை போதும். ஈரமான மாதிரியை 30 விநாடிக்கு ஒருமுறை எடை போட்டு வரைபடம் போடுங்கள். ப்ளோயர் வேகத்தைக் கூட்டியும் எடை குறையும் வேகம் மாறவில்லையா? ஒலியாலும் மாறாது.

டெமோவில் ஏமாறும் இடம் வேறு. இந்த நாசில் ஒலியோடு காற்றையும் பீய்ச்சுகிறது, உலர்வது எதனால்? நாசில் வாய்க்கு எதிரே, பீய்ச்சும் காற்று மோதி ஒலி எழுப்பும் ஒத்ததிர்வுக் குழியை உலோக முளையால் அடைத்து, அதே அழுத்தத்தில் இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு முறையும் குறைந்த எடைக்கு உள்ள வித்தியாசம்தான் ஒலியால் வரும் பலன்; அதற்குத்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். இதைச் செய்ய மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பொருத்தும்போது நாசிலுக்கும் ஈரப் பரப்புக்கும் உள்ள இடைவெளியை ட்ரையர் சூடான பிறகே வையுங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் அறை வெப்பத்தில் 17 மி.மீ.; 100 டிகிரியில் 19 மி.மீ.க்கு மேல். குளிரில் பிடித்த அளவு சூட்டில் தவறும். பிராக்கெட்டில் நீள்துளை இல்லாவிட்டால் அவஸ்தைதான். நாசில்கள் தள்ளித் தள்ளி இருந்தால் நடுவே ஈரக் கோடுகள் நிற்கும்.

அடிக்கடி வரும் கோளாறு கம்ப்ரஸர் எண்ணெய். குழியின் விளிம்பில் பிசுக்குப் படிந்தால் ஒலி செத்துவிடும், காற்று மட்டும் வரும். கையை நீட்டினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். எண்ணெய் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம்.

கேளா ஒலி என்றாலும் பீய்ச்சும் காற்றின் இரைச்சல் கடுமையானது. சாதாரண ஒலி மீட்டர் 20 கிலோஹெர்ட்ஸைச் சரியாகக் காட்டாது. அது காட்டும் எண்ணை நம்பிக் காதுக்காப்பைக் கழற்றக் கூடாது. மூடிய உறையும், கதவு திறந்தால் காற்றை நிறுத்தும் இன்டர்லாக்கும் வேண்டும்.

எக்ஸாஸ்ட் டேம்பர் (ஈரக் காற்றை வெளியேற்றும் வழியின் தடுப்புத் தகடு) பாதி மூடியிருந்தால் பரப்பிலிருந்து கிளம்பிய ஆவி உள்ளேயே சுற்றும், பலன் தெரியாது. லைன் நின்றதும் காற்றை அடைக்கும் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) நாசிலோடு சேர்த்துத் தருகிறார்களா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் உலர்த்த எதுவும் இல்லாதபோதும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும்.