அப்போஸ்தலர் கரண்டி வாங்குகிறவர்கள் முதலில் குழியைப் பாருங்கள்

லண்டனில் பழைய வெள்ளிக் கரண்டி சேர்க்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். எனக்கு 650 பவுண்டு போய்விட்டது.

அப்போஸ்தலர் கரண்டி என்றால் காம்பின் நுனியில் இயேசுவின் சீடர் ஒருவரின் சிறு உருவம் வைத்த கரண்டி. ஒரு சனிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். என்னுடையதில் இருந்தது சாவி பிடித்த பேதுரு. "முதலாம் சார்லஸ் காலம், 1630 வாக்கில் செய்தது" என்றார் கடைக்காரர். அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்துக்குப் பரிசாகக் கொடுத்த கரண்டி இது. நான் இரண்டு வருடமாகத் தேடியது. காம்பின் பின்புறம் வெள்ளியின் தரத்தைச் சொல்லும் சிங்கம், லண்டனைக் குறிக்கும் சிறுத்தைத் தலை, எந்த ஆண்டு என்று காட்டும் ஆண்டு எழுத்து, செய்தவர் முத்திரை நான்கும் இருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் அசல் முத்திரை. அதை நம்பித்தான் வாங்கினேன்.

பல வருடமாகச் சேர்க்கிற நண்பரிடம் காட்டினேன். அவர் நேராகக் கரண்டியின் குழிந்த வாய்ப்பகுதியை, அதாவது குழியைப் பார்த்தார். "சிறுத்தைத் தலை இங்கே அல்லவா இருக்க வேண்டும்?" என்றார். 1660 வரைக்குமான லண்டன் கரண்டிகளில் அதைக் குழிக்குள், காம்பு சேரும் இடத்தருகே அடித்திருப்பார்கள். மற்றவைதான் காம்பின் பின்னால் வரும். என் கரண்டியின் குழியில் ஒன்றுமே இல்லை. ஆண்டு எழுத்தும் அப்படித்தான். லண்டனில் 20 எழுத்து முடிந்தால் மறுபடி 'ஏ' வரும். எழுத்தின் வடிவமும் சுற்றியுள்ள கேடயமும் மாறிவிடும். ஒப்பிட்டுப் பார்த்தால் என் கரண்டியில் இருந்தது 1750-களின் எழுத்து.

யாரோ ஒரு சாதாரண மேசைக்கரண்டியை எடுத்து, காம்பைத் தட்டி ஒடுக்கி, முட்டை வடிவக் குழியை அத்திப்பழ வடிவமாக்கி, வார்த்த பொம்மையைப் பற்றவைத்திருக்கிறார்கள். விக்டோரியா காலத்தில் இந்த வேலை நிறைய நடந்திருக்கிறது. நண்பர் வாயால் ஊதிக் காட்டினார். ஆவி படிந்ததும் பேதுருவின் காலடியில் பற்றவைத்த கோடு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. வெள்ளி என்னவோ 92.5 சதவீத ஸ்டெர்லிங்தான். காலம்தான் பொய்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் பில்லைக் கேட்டார். 'உருவம் வைத்த வெள்ளிக் கரண்டி' என்று மட்டும் எழுதியிருந்தது. 1630, சார்லஸ் எல்லாம் வாய்ப்பேச்சோடு சரி. பணம் தர முடியாது என்றுவிட்டார். காலத்தையும் ஊரையும் பில்லில் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால், லண்டனில் வெள்ளியைச் சோதித்து முத்திரை இடும் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் பழைய வெள்ளியைப் பரிசோதிக்கத் தனிக் குழுவே இருக்கிறது.

போன மாதம் அதே மேசையில் இன்னொன்று இருந்தது. இந்த முறை அந்திரேயா, சாய்ந்த சிலுவையோடு. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதன் குழியிலும் முத்திரை இல்லை.