தைல மரச் சருகு மூடாக்கு: இரண்டு பைகளின் அனுபவம்

பாளையங்கோட்டைப் பக்கமுள்ள ஒரு நாற்றுப் பண்ணையில் ‘சருகு மூடாக்கு’ (செடியைச் சுற்றி மண்ணை மூடப் பரப்பும் சருகு) என்ற பெயரில் விற்ற இரண்டு பைகளை வாங்கினேன். பையைப் பிரித்ததுமே தைல வாடை அடித்தது. அரிவாள் போல் வளைந்த காய்ந்த இலைகளைக் கசக்கி முகர்ந்தபோது, பாதிக்கு மேல் தைல மரச் சருகு என்பது உறுதியாயிற்று. பையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

செவல் மண் நிரப்பிய இரு தொட்டிகளில் தண்டுக்கீரை விதைத்து, ஒன்றில் இந்தச் சருகையும் மற்றொன்றில் அதே கனத்தில் வைக்கோலையும் பரப்பினேன். வைக்கோல் தொட்டியில் ஐந்தாம் நாளே பச்சை தெரிந்தது. சருகுத் தொட்டியில் இரண்டு வாரம் கழித்து நாலைந்து முளைகள் மட்டும், வேர் நுனி கறுத்து, எழும்பாமல் நின்றன. தைல மரத்தடியில் எதுவும் வளராததற்கு அது நீரை உறிஞ்சுவதே காரணம் என்று ஊரில் சொல்வார்கள். தொட்டியில் மரமே இல்லையே! சருகிலுள்ள ஃபீனால் வகை அமிலங்கள் பாய்ச்சும் நீரில் கரைந்து மண்ணில் இறங்குகின்றன. சினியோல் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் ஆவியாகப் பரவுகின்றன. இரண்டுமே முளைப்பையும் வேர் வளர்ச்சியையும் தடுப்பவை. தாவரங்கள் ஒன்றையொன்று இவ்வாறு வேதிப்பொருளால் பாதிப்பதற்கு தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 1937-இல் ‘அல்லெலோபதி’ என்று பெயரிட்டார்.

கொய்யா மரத்தடியில் கொட்டிய இன்னொரு பை குறை சொல்ல முடியாதபடி களையை அடக்கியது; மரத்துக்கும் வாட்டமில்லை. வேரூன்றிய மரங்களுக்கு வாங்கலாம். விதைப் பாத்திக்கென்றால், நன்றாக மட்க வைத்த பிறகே போட வேண்டும்.