எண்ணூர் கடலுக்கு அலை ஆப்: ஒரு வருடம் பணம் கட்டிப் பார்த்ததில்

நான் மீனவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் ஒரு பேட்டரிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடிவதற்கு முன்னாலேயே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் எங்கே கல் கொட்டியிருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். கிழங்கா, கெளுத்தி, முகத்துவாரத்துப் பக்கம் என்றால் எப்போதாவது ஒரு கொடுவா. மாமா ஒருத்தர் ஃபைபர் படகு வைத்திருக்கிறார், அவர்தான் எனக்குக் கடல் சொல்லிக்கொடுத்தவர். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், ஆனால் போன வருடம் ஒரு ஆப்புக்கு 1,499 ரூபாய் சந்தா கட்டினேன்.

அலை, காற்று, ஓதம் (கடல் ஏறி வற்றுவது) எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் ஆப் அது. வெளிநாட்டுக்காரர்கள் செய்தது, அலைச்சறுக்கு ஆடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது என்று பார்த்தாலே தெரியும். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஓசியில் ஒன்று, காசுக்கு ஒன்று என்று இதே வகையில் இன்னும் இரண்டைப் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் இதே சங்கதிதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஓத நேரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலாவும் சூரியனும் எங்கே நிற்கும் என்பதை வைத்துப் போடுகிற கணக்கு அது, பஞ்சாங்கம் மாதிரி, அடுத்த வருடத்துக்கே இப்போது போட்டு வைக்கலாம். நம்ம கடற்கரையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். இதை ஆப் அழகாக ஒரு வளைகோடாக வரைந்து காட்டுகிறது, எந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தண்ணீர் ஏறும் என்று ஒரு மாதத்துக்கு முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதற்குப் போய்க் காசு கொடுப்பானேன் என்பதுதான் என் கேள்வி. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசமே சுமார் ஒரு மீட்டர்தான். அஷ்டமிப் பக்கம் வந்தால் அரை மீட்டர்கூடத் தேறாது. குஜராத்தில் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் வரைக்கும் ஏறி இறங்குகிறது, அங்கே இருப்பவர் நேரம் தவறினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், அவர் கட்டட்டும். நமக்கு இங்கே முழங்கால் அளவு தண்ணீர் இடுப்பளவாகிற கதை, நாள்காட்டியில் திதி பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

முகத்துவாரத்துக்கு உள்ளே போய்விட்டால் அந்த நேரமும் உதவாது. ஆப் கொடுப்பது துறைமுகத்து நேரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடத்தில் மணல் மேடு அடைக்க அடைக்க வாய் குறுகும், வாய் குறுகினால் தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் தாமதமாகும். வெளியே வற்றத் தொடங்கிவிட்டது என்று ஆப் சொல்லி அரை மணி, சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்தும் நெட்டுக்குப்பம் பக்கம் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உப்பங்கழியில் இறால் பிடிக்கிறவர்கள் யாரும் ஃபோனைப் பார்த்து இறங்குவதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், முதல் வாரம் என் தலையைக் குழப்பியது. ஒரு ஆப் காலை வற்று 0.2 மீட்டர் என்கிறது, இன்னொன்று அதே நேரத்துக்கு மைனஸ் 0.4 என்கிறது. இரண்டும் சரிதான். ஒன்று கடல் வரைபடங்களில் வைக்கிற தாழ்ந்த மட்டத்தைச் சுழியாக எடுத்துக்கொள்கிறது, மற்றது சராசரி கடல் மட்டத்தை. சென்னையில் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 0.65 மீட்டர். எதைச் சுழியாக வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் என்ன போயிற்று? அளவுகளும் முதலில் அடியிலும் மைலிலும்தான் வருகின்றன, செட்டிங்ஸில் போய் மீட்டராக மாற்ற வேண்டும்.

சரி, காற்றுக்கு வருகிறேன். இந்த வகை ஆப்புகள் பெரும்பாலும் சொந்தமாக எதையும் அளப்பதில்லை. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ்., ஐரோப்பாவின் ஈ.சி.எம்.டபிள்யூ.எஃப். போன்ற கணினிக் கணிப்புகளை வாங்கி, வண்ணம் பூசிக் கொடுக்கின்றன. இதில் ஜி.எஃப்.எஸ். உலகத்தைச் சுமார் 25 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத் தருகிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் மொத்தமே அப்படி ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் ஆப்பில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று மூன்று தனித்தனி இடம் இருக்கிறது, மூன்றிலும் தசமப் புள்ளி வரைக்கும் அதே எண்! நானும் மூன்று மாதம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னவோ ஒப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

கோடையில் கடல் காற்று எப்போது உள்ளே நுழையும் என்பதிலும் அடிக்கடி கோட்டை விடுகிறது. மேலைக்காற்று பலமாக அடிக்கிற நாளில் கடல் காற்று மதியத்துக்கு மேல்தான் வரும், சில நாள் வராமலேயே போகும். அந்த மாதிரிக் காலையில் கரையோரம் கடல் தட்டையாக, தூண்டில் போட அருமையாக இருக்கும். ஆப் அப்படிப்பட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு காட்டியது. நான் வீட்டில் தூங்கினேன். மாமா பை நிறைய கிழங்கா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “இன்னா மாப்ள, ஃபோன் லீவு விட்டுச்சா?” என்றார்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணம். அலைக்கு ஆப்பில் இரண்டு எண் வரும். பெரிய எழுத்தில் உயரம், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாக வினாடி. நான் ஆறு மாதம் அந்த வினாடியைக் கண்டுகொள்ளவே இல்லை. சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றே இல்லை, அலை 0.9 மீட்டர், பச்சை, பக்கத்தில் சிரிக்கிற முகம் வேறு. தங்கை பையனையும் கூட்டிக்கொண்டு எக்ஸ்பிரஸ் சாலை ஓரம் கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கிற தூண்டில் வளைவு ஒன்றின் நுனிக்குப் போனேன். முதல் கால் மணி நேரம் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை, தண்ணீர் உடையாமல் அப்படியே வீங்கி கல் மேல் ஏறியது. மூன்று வந்தது, மூன்றாவது பக்கெட்டையும் இறாலையும் பையனின் ஒரு செருப்பையும் எடுத்துக்கொண்டு போனது. நான் வழுக்கி விழுந்து முழங்காலில் நான்கு தையல். பையனின் சட்டையைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தால் சாம்பல் எழுத்தில் 16 வினாடி.

அதற்கு அர்த்தம் என்ன என்று அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எத்தனை வினாடி என்பதுதான் அது. உள்ளூர்க் காற்று எழுப்புகிற அலை ஐந்தாறு வினாடிக்கு ஒன்று வரும். ஆழ்கடலில் ஆறு வினாடி அலைக்கு ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு 56 மீட்டர்தான். 16 வினாடி அலைக்குக் கிட்டத்தட்ட 400 மீட்டர். எங்கேயோ தெற்கே, பூமத்திய ரேகைக்கும் கீழே வெகு தூரத்தில் அடித்த புயல் எழுப்பிய அலை, நாள் கணக்கில் பயணம் பண்ணி இங்கே வந்து சேருகிறது. ஆழத்தில் உயரம் தெரியாது, கரைக்கு வந்து தரை தட்டும்போதுதான் எழுந்து நிற்கும். கேரளத்தில் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள், காற்றும் மேகமும் இல்லாமல் திருட்டுத்தனமாக வருவதால். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டு போனதும் இப்படி எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான்.

உயரம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது அதிகபட்ச உயரம் இல்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதன் சராசரியைப் போடுவது வழக்கம். தனி அலை ஒன்று அதைப்போல இரண்டு மடங்கு வரைக்கும் வரலாம். அதாவது 0.9 என்றால் 1.8-ம் உண்டு. இதை ஆப் எங்கேயும் சொல்லவில்லை, சிரிக்கிற முகம் மட்டும் போட்டிருக்கிறது. அந்த முகத்தை முடிவு செய்வது உயரமும் காற்றும்தான், வினாடி அதில் கணக்கிலேயே இல்லை என்பது என் அனுபவம். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் பகுதியில் அலைச்சறுக்கு நிலைமை சிறப்பாக இருந்தது” என்று பதில் வந்தது.

நீரோட்டம் இந்த ஆப்பில் கிடையாது. மாமாவுக்குக் காற்றுக்கு அடுத்தபடி முக்கியம் அதுதான், வலை நிற்குமா இழுத்துக்கொண்டு போகுமா என்பது அதில் இருக்கிறது. தெற்கேயிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கேயிருந்து தெற்கே ஓடினால் வன்னி. “தெண்டி இழுக்குது, இன்னிக்கி வலை நிக்காது” என்று அவர் சொன்னால் அன்றைக்குப் படகு இறங்காது. ஆப்பில் கரையோரம் மண் எப்படி இருக்கிறது என்பதும் கிடையாது, அதுவும் நம்ம பக்கம் ஒவ்வொரு பருவத்துக்கும் மாறுகிறது. துறைமுகத்துக்கு 1876-இல் அலைத்தடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்ததிலிருந்து தெற்கேயிருந்து வருகிற மணல் அங்கேயே தங்கி மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே நமக்கு மணல் வராமல் கரை அரித்துக்கொண்டே போனது. அதற்குத்தான் இத்தனை கல். மெரினாவில் நூறு மீட்டர் மணலில் தேய்ந்து அடங்குகிற அலை இங்கே நேராகக் கல்லில் மோதுகிறது. இரண்டு இடத்துக்கும் ஆப் காட்டுவது ஒரே பச்சை.

புயல் நேரத்தில் ஓத வளைகோட்டை நம்பவே வேண்டாம். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் சென்னைக்கு வெளியே ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்தக் கோடு எப்படி இருந்திருக்கும் என்று பின்னால் போய் எடுத்துப் பார்த்தேன், சாதாரண திங்கட்கிழமை மாதிரி வழவழவென்று இருக்கிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறும், காற்று கரையை நோக்கித் தள்ளினால் அதற்கு மேலும் ஏறும், இதெல்லாம் நிலாக் கணக்கில் வராது. புயல் என்றால் துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி கேட்டுவிட்டு வீட்டில் இருப்பதுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ், மத்திய அரசு நிறுவனம், 1999-இல் தொடங்கியது, நம்ம நாட்டு சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இலிருந்து அங்கேதான் இயங்குகிறது. கடல் நிலை முன்னறிவிப்பை இலவசமாகத் தருகிறார்கள். அலை உயரம், வினாடி, காற்று, நீரோட்டம் எல்லாம் உண்டு. உயர் அலை எச்சரிக்கை வந்தால் பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை என்று நம்ம கரையின் பெயர் சொல்லியே வரும். தரமணியில் இருக்கிற எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காகச் செய்த ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப்பும் இருக்கிறது, தமிழிலேயே, காசில்லாமல். மாமா ஃபோனில் அதுதான் இருக்கிறது, எனக்கு இத்தனை நாளும் தெரியாது, அவர் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை. நுங்கம்பாக்கம் வானிலை மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை விட்டால் அன்றைக்குக் கல் பக்கமே போகக் கூடாது என்பது இப்போது வீட்டில் போட்ட சட்டம், போட்டது தங்கை.

யாருக்கு இந்த ஆப் உபயோகப்படும்? கோவளத்தில் பலகை வைத்து அலைச்சறுக்கு ஆடுகிறவராக இருந்தால், வினாடியைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால், படம் தெளிவாக இருக்கிறது, பேட்டரியும் அதிகம் சாப்பிடாது, கட்டலாம். வடசென்னையில் தூண்டில் போடுகிறவருக்கு வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், இரண்டுமே ஓத நேரத்துக்கு.

ஏற்கெனவே போட்டிருந்தால் ஒன்று செய்யுங்கள், முகப்புத் திரையில் உயரத்தை எடுத்துவிட்டு வினாடியை மேலே வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, செட்டிங்ஸில் கடைசியில் ஒளிந்திருக்கிறது. நான் 12 வினாடிக்கு மேல் பார்த்தால் கல்லில் ஏறுவதில்லை, எண் என்ன நிறத்தில் இருந்தாலும் சரி. சந்தாவை ஆப்புக்குள்ளே போய் நிறுத்த முடியாது, ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும், அதுவும் தேதிக்கு ஒரு நாளாவது முன்னால். எனக்கு அடுத்த மாதம் 9-ஆம் தேதி.