கிரைண்டர் ஷாஃப்ட் கடைந்து தந்த வியாசர்பாடி பட்டறை

மாவுக் கடையோ, மெஸ்ஸோ, காசிமேட்டில் மீன்பிடிப் படகோ, எது வைத்திருந்தாலும் சரி, மிஷினில் ஒரு பார்ட் தேய்ந்துபோய், சர்வீஸ்காரர்கள் "அந்த மாடல் இப்ப வர்றதில்ல, மொத்தமா மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டால், பணத்தை எடுக்கும் முன் வியாசர்பாடி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். எருக்கஞ்சேரி ஹைரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் சின்னச் சின்ன லேத் (இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் மிஷின்) பட்டறைகள் நிறைய உண்டு. அதில் ஒன்றைப் பற்றித்தான் இது. போர்டு இல்லை. வாசலில் இரும்புச் சுருள் குவிந்து கிடக்கும், உள்ளே மூன்று பேர், இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு வெல்டிங் செட்.

எங்கள் டில்டிங் கிரைண்டரில் கல்லைச் சுற்றவைக்கும் தண்டான ஷாஃப்ட் தேய்ந்து, கல் சுற்றும்போதே ஒரு ஆட்டம். தண்டையார்பேட்டையில் மாவு விற்கிறவளுக்கு ஒரு நாள் கிரைண்டர் நின்றால் அன்றைய வியாபாரமே போச்சு, அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நின்றால் சொல்லவே வேண்டாம். பழைய ஷாஃப்ட்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். பட்டறை அண்ணன் அதை வாங்கியதும் விலை பேசவில்லை. நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்து, பேரிங் உட்காரும் இடத்தில் மூன்று நான்கு பக்கம் திருப்பித் திருப்பி அளந்தார், பூட்டுச் சாவி உட்காரும் பள்ளமான கீவேயை விரலால் தடவிப் பார்த்தார், அப்புறம்தான் பேச்சு. "ஷாஃப்ட் மட்டும் போகலம்மா, புஷ்ஷும் போயிருக்கு. இத மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல திரும்ப வருவ" என்றார். முன்பு யாரோ போட்டுக்கொடுத்த இரும்பைப் பார்த்துவிட்டு, "மாவுத் தண்ணி படுற எடத்துல இத போட்டா துரு புடிச்சி மாவுல எறங்கும், எஸ்எஸ் 304ன்னு துரு புடிக்காத எஃகு போட்டுக்க, கொஞ்சம் கூட ஆகும், ஆனா சாப்புடுற பொருளு" என்றும் சொன்னார். என் கிரைண்டரை விற்ற கடையில்கூட யாரும் இதைச் சொன்னதில்லை.

வேலை சுத்தம். பேரிங் கையால் அழுத்தி ஏறாது, லேசாகத் தட்டினால் ஏறி உட்காரும், அந்த அளவுக்குக் கணக்கு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினால் ஏறாது, குறைந்தால் உள்ளே சுற்றிவிடும். ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையமான கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷும் சேர்த்து ஆன செலவு, மொத்தமாக மாற்றச் சொன்ன தொகையில் கால்வாசிகூட வரவில்லை. இன்றுவரை ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் என்றால் மறுநாள் காலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே எஸ்டிமேட் எழுதித் தரமாட்டார், வாயால்தான் சொல்வார். ஆனால் வேலையை ஆரம்பிக்கும் முன் சொன்ன தொகையைத்தான் கடைசியில் வாங்கினார். வண்டி நிறுத்த இடமில்லை.

இனி சொல்லப்போவதும் இந்தப் பட்டறையைப் பற்றிய விமர்சனம்தான், தாமதத்துக்கும் விலைக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. என் வேலை தள்ளிப்போனதற்குக் காரணம் கேட்டபோது, ஒரு கம்பெனியிலிருந்து வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் நிற்கிறது, அதனால் கடைய வேண்டிய இரும்பு ராடு வாங்க முடியவில்லை என்றார். 2006ஆம் ஆண்டு சட்டப்படி சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "கேட்டா வட்டி வரும்மா, அடுத்த ஆர்டர் வராது" என்றார். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள், குறு சிறு தொழிலுக்குக் காலத்தில் பணம் கொடுக்காத கம்பெனி அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது. நல்ல சட்டம். ஆனால் உதயம் என்ற ஒன்றிய அரசின் சிறு தொழில் பதிவு இல்லாத பட்டறைக்கு இதெல்லாம் கைகொடுக்காது, அதனால் இவரைப் போன்றவர்களைப் பதிவு செய்யவைக்க ஒரு ஆள் தெருவுக்கு வரவேண்டும்.

அடுத்தது கரண்ட். லேத் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிலோவாட் கணக்குக்கு நிலைக் கட்டணம் கட்டியாக வேண்டும். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறிய பிறகு, நிலைக் கட்டணத்தையும், கரண்ட் தேவை அதிகமான நேரத்துக்குக் கூடுதலாக வாங்கும் பீக் ஹவர் கட்டணத்தையும் குறைக்கச் சொல்லி 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுக்கச் சிறு தொழில்காரர்கள் ஒரு நாள் வேலை நிறுத்தம் செய்தார்களே, அன்றைக்கு இவரும் ஷட்டரை இறக்கியிருக்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்து மூன்று பேர் கேட்ட கேள்வி அது.

நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலை தமிழ்நாட்டில்தான் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், அது உண்மையும்கூட. ஆனால் அதைச் சொல்லும் ஒன்றிய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு முக்கியமாகப் பதிவான தொழிற்சாலைகளைத்தான் எண்ணுகிறது, மூன்று பேர் பட்டறை அதில் வராது. 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள், அதுவும் வேண்டும், நான் எதிர்க்கவில்லை. நாட்டின் பொருளாதாரத்தில் உற்பத்தித் துறையின் பங்கை 25 சதவீதமாக்குவோம் என்று 2011 தேசிய உற்பத்திக் கொள்கையில் எழுதினார்கள், 2014இல் மேக் இன் இந்தியாவிலும் அதையே சொன்னார்கள், பங்கு இன்னும் 17 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. பெரிய கம்பெனி வந்தால் மட்டும் அது ஏறாது. எண்ணூர் அசோக் லேலண்டும் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இருக்கிற இந்தப் பக்கத்தில், பார்ட் கடைந்து கொடுக்கும் தெருக்கள் இருந்தால்தான் பெரிய ஆலைக்கும் சாமான் பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கும். பெரம்பூரிலிருந்த பின்னி துணி மில்லை 1996இல் மூடியபோது ஒரு ஆலையோடு சுற்றுப்பட்டு வேலைகளும் போனதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்: சின்னப் பட்டறைக்கு நிலைக் கட்டணத்தை எவ்வளவு குறைப்பீர்கள், 45 நாளில் பணம் வராதபோது பட்டறைக்காரர் பெயர் வெளியே தெரியாமல் யார் வசூலித்துத் தருவார்கள்? நான் கேட்கப் போகிறேன்.

பட்டறைக்குப் போகிறவர்கள் பழைய பார்ட்டைக் கண்டிப்பாக எடுத்துப் போங்கள், போட்டோவைக் காட்டினால் தொடமாட்டார். பேரிங்கையும் கழற்றி எடுத்துப் போனால் அளவு அங்கேயே சரி பார்த்துக் கொடுப்பார். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் கூட்டமிருக்காது, ஞாயிறு லீவு. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரை மார்க் குறைத்தது நேரத்துக்காக. வேலை முடிந்ததும் பணத்தை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.