கார் இன்சூரன்ஸைப் பாதியில் மாற்றுவதற்கு உண்மையில் ஆகும் செலவு: கீழக்கரையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

கார் இன்சூரன்ஸ் பாலிசியைக் காலம் முடியுமுன் ரத்து செய்யவோ அதில் ஏதேனும் திருத்தவோ போகிறவர்கள் முதலில் கேட்பது, "கட்டணம் எவ்வளவு?" என்பதுதான். அந்தக் கட்டணம் மிகச் சிறியது. பெரிய தொகை, ரத்து செய்யும்போது நிறுவனம் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் பிரீமியத்திலும், என்.சி.பி. எனப்படும் கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடியிலும் போகிறது. 2016இல் வாங்கி டி.என். 65 பதிவெண்ணோடு நெடுங்காலம் ஓட்டிய ஒரு சிறிய காரின் பாலிசியில் முகவரியையும், வங்கியின் பெயரையும், நிறுவனத்தையும், கடைசியில் உரிமையாளரையும் மாற்றிப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சிறிய திருத்தங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மண்டபத்திலிருந்து கீழக்கரைக்குக் குடிபெயர்ந்தபோது முகவரி மாற்றத்திற்கும், பின்னர் கார் கடன் முடிந்தபோது ஹெச்.பி. (வங்கிக் கடன் இருப்பதைக் காட்டும் பதிவு) நீக்கத்திற்கும் என்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தக் குறிப்பு, போட்டேன். ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாயும் அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 59 ரூபாய் ஆயிற்று. இவற்றுள் ஹெச்.பி. நீக்கத்தைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். வங்கி தரும் தடையின்மைச் சான்றான என்.ஓ.சி.யையும் படிவம் 35ஐயும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பாலிசியில் அந்தப் பெயர் நீடித்தால், கார் முழுவதுமாகச் சேதமடைந்தாலோ திருடு போனாலோ இழப்பீட்டுத் தொகையை வங்கியிடம் கேட்காமல் நிறுவனம் உங்கள் கையில் கொடுக்காது.

நிறுவனத்தை மாற்றியதுதான் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம். அப்போது என் பாலிசி இருந்த தனியார் நிறுவனத்திற்குக் கிளெய்ம் தொகையை நிறுவனமே நேரடியாகக் கட்டும் ஒப்பந்த ஒர்க்ஷாப் மதுரையில்தான் இருந்தது. கடலோரத்தில் வண்டி நின்றுபோனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் இழுத்துச் செல்ல வேண்டும் என்பதால், ராமநாதபுரத்திலேயே கிளை வைத்திருந்த பொதுத்துறை நிறுவனம் ஒன்றுக்கு ஆண்டு முடியுமுன்னரே மாற முடிவு செய்தேன். எங்கள் ஏஜென்ட், "காக்கா (அண்ணன்), ஓட்டுன மாசத்துக்கு மட்டும் புடிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுத்துருவாங்க" என்றார். பாலிசியின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த அட்டவணை வேறு விதமாகச் சொன்னது. 2002ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டு விதித்தொகுப்பான மோட்டார் டாரிஃபிலிருந்து வந்த அந்தக் குறுகிய கால அளவுகோலின்படி, ஒரு மாதத்திற்குள் ரத்து செய்தால் ஆண்டுப் பிரீமியத்தில் 20 சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் ஒவ்வொரு மாதத்திற்கும் 10 சதவீதம் கூடிக்கொண்டே போய், எட்டு மாதம் கடந்தால் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆண்டுப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு மாத முடிவில் ரத்து செய்பவருக்கு நாட்கணக்கின்படி சுமார் 6,667 ரூபாய் திரும்ப வேண்டும். அளவுகோலின்படி 5,000 ரூபாய்தான் திரும்பும். இடையிலுள்ள 1,667 ரூபாய்தான் ரத்துக் கட்டணம், ஆனால் எந்த ரசீதிலும் அந்தப் பெயரில் அது இருக்காது.

2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட பொதுக் காப்பீட்டுக்கான மாஸ்டர் சுற்றறிக்கை இந்த நிலையைப் பெருமளவு மாற்றியது. அதன்படி தனிநபர் பாலிசிதாரர் காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து கோரலாம். ஓராண்டு வரையிலான பாலிசியாக இருந்து, அந்தக் காலத்தில் கிளெய்ம் எதுவும் எடுக்காமல் இருந்தால், எஞ்சிய காலத்திற்குரிய பிரீமியத்தை விகிதாசாரப்படி நிறுவனம் திருப்பித் தர வேண்டும். நிறுவனம் தானாக ரத்து செய்ய வேண்டுமானால் மோசடி நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும், அதற்கும் ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நான் முன்னர் மாறியபோது இந்த விதி இருந்திருந்தால் கணிசமான தொகை மிஞ்சியிருக்கும்.

விதி மாறியும் மாறாத ஒன்று உண்டு. பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி காப்பீடு (வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது) 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி கட்டாயம் என்பதால், வேறு இடத்தில் காப்பீடு எடுத்ததற்கான சான்றைக் காட்டாமல் பழைய பாலிசியை ரத்து செய்ய மாட்டார்கள். ஆகவே புதிய பாலிசியை முதலில் வாங்கி, அதன் நகலோடு ரத்துக் கடிதத்தைக் கொடுப்பதே முறை. இடையில் சில நாட்களுக்கு இரண்டு பாலிசிகளுக்கும் பணம் கட்டியிருப்போம் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதமே 2,000 ரூபாய் என்பதால், இந்தச் சில நாள் இரட்டைச் செலவைப் பற்றி நான் குறைபட்டுக்கொள்ள மாட்டேன்.

என்.சி.பி. கணக்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் இந்தத் தள்ளுபடியில் அடுத்த படிக்குப் போக வேண்டுமானால் பாலிசி முழுதாகப் பன்னிரண்டு மாதம் ஓடி முடிந்திருக்க வேண்டும். நடுவில் நிறுவனம் மாறுகிறவர் ஏற்கெனவே நிற்கும் படியைப் புதிய இடத்திற்கு எடுத்துச் செல்லலாம், ஆனால் ஓடிக் கழிந்த மாதங்கள் கணக்கில் சேராது. 35 சதவீதத்தில் இருப்பவர் ஒன்பதாம் மாதத்தில் மாறினால், அந்த ஒன்பது மாதத்தையும் விட்டுவிட்டு 45க்காக மறுபடி ஓராண்டு காத்திருக்க வேண்டும். பாதி ஆண்டுக்கு மேல் ஓடிவிட்ட பாலிசியை மாற்றுவதைவிடப் புதுப்பிக்கும் நாள்வரை பொறுத்திருப்பது மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். துரு பிடித்ததற்குக் கிளெய்ம் தரவில்லை என்ற கோபத்தில் நிறுவனம் மாறுகிறவர்களும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். உப்புக் காற்றில் வண்டியின் அடித்தகடு அரிப்பது தேய்மானம் என்றே கருதப்படுகிறது. எந்த நிறுவனத்தின் வழக்கமான பாலிசியும் அதை ஏற்பதில்லை.

காரை விற்றபோது வாங்கியவர் தேவிபட்டினத்தில் இருக்கும் என் மச்சான். பாலிசியை அவர் பெயருக்கு மாற்றுவதா, நான் ரத்து செய்துவிட்டு அவர் புதிதாக எடுப்பதா என்ற கேள்வி வந்தது. மாற்றுக் கட்டணம் வழக்கம்போல 50 ரூபாய்தான். ஆனால் என்.சி.பி. வண்டியோடு போவதில்லை, அது ஆளோடு நிற்கிறது. எனவே எஞ்சிய காலத்திற்கு நான் அனுபவித்துவந்த தள்ளுபடிக்குரிய தொகையைக் காரை வாங்குகிறவர் கட்ட வேண்டும். வண்டியின் சொந்தச் சேதத்திற்கான ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் ஆண்டுக்கு 6,000 ரூபாய், தள்ளுபடி 50 சதவீதம், மீதி ஆறு மாதம் என்றால் 1,500 ரூபாயும் அதற்கு 270 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 1,770 ரூபாய் ஆகிறது. அத்துடன் 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு மச்சானுக்கு வேறு பாலிசியில் இல்லாவிட்டால் அதையும் அவர் எடுக்க வேண்டும். 2024க்குப் பிறகு இரண்டு வழிகளுக்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. அந்தப் பாலிசி ஆண்டில் கிளெய்ம் எடுத்திருந்தால் மட்டும் ரத்து செய்வதில் பணம் திரும்பாது என்பதால் பெயர் மாற்றமே லாபம். நாங்கள் பெயர் மாற்றத்தையே தேர்ந்தோம்.

உறவுக்குள் விற்கும்போது, "பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி வாங்கியவர் பதினான்கு நாட்களுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பிரிவு தானாக மாற்றித் தருவது தேர்ட் பார்ட்டி பொறுப்பை மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1990களிலேயே சொல்லிவிட்டது; பெயர் மாறாத பாலிசியை வைத்துக்கொண்டு வண்டியின் சேதத்திற்கு மச்சான் ஒரு ரூபாயும் கேட்க முடியாது. விற்றவருக்கும் ஆபத்து உண்டு: ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையாளர் மாற்றத்திற்கான படிவம் 29, 30ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்த கையோடு பாலிசி மாற்றத்திற்கும் எழுதிக்கொடுத்துவிட்டோம்.

விற்றதற்கான சான்றுகளைக் காட்டி நிறுவனத்திடமிருந்து என்.சி.பி. நிறுத்திவைப்புக் கடிதம் வாங்கியதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். வளைகுடா வேலைக்குப் போகும்போது வண்டியை விற்றுவிட்டுப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் இந்தக் கடிதத்தை வாங்குவதே இல்லை. திரும்பி வந்து புதுக் கார் எடுக்கும்போது சுழியத்திலிருந்து தொடங்குகிறார்கள். வண்டியை விற்காமல் கொட்டகையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள், பாலிசி முடிந்து தொண்ணூறு நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அதே கதிதான்.

என் அண்ணன் மகன் 2025இல் துபாய் செல்லுமுன் காரை விற்று, வாங்கியவரின் புதுப் பாலிசி நகலைக் கொடுத்துத் தன்னுடையதை ரத்து செய்தான். அந்த ஆண்டில் அவன் கிளெய்ம் எடுக்கவில்லை. இருந்தும் வந்த தொகை பழைய அளவுகோலின்படி கணக்கிடப்பட்டிருந்தது. 2024 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினோம். பதில் வராவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசாவில் பதிந்து, அதற்கும் சரிப்படாவிட்டால் கட்டணமின்றி விசாரிக்கும் சென்னைக் காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போவதாக இருந்தோம். அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. விகிதாசாரக் கணக்கின்படி மீதித் தொகையை நிறுவனம் அவன் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டது.