குன்னூர் மாடிகளில் பச்சைக் கூரையும் சோலாரும்: வாங்கலாமா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் கான்கிரீட் மாடியில் மண் படுக்கையும் சோலார் பேனலும் சேர்த்துப் போட்டுத் தரும் அமைப்பு இது. மழைநீருக்காக வாங்குங்கள், கரண்டுக்காக வேண்டாம். செடியின் குளிர்ச்சியால் கரண்டு உற்பத்தி கூடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். பேனல் சூடு ஒரு டிகிரி குறைந்தால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 0.35 சதவீதம். மலைக்குளிரில் அது கண்ணிலேயே படாது.

1,000 சதுர அடி மாடியில் 40 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 3,700 லிட்டர் விழும். காய்ந்திருக்கும் 10 செ.மீ. மண் அதில் 2,800 லிட்டர் வரை பிடித்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் மண் ஊறிவிட்டால் பிடிக்க இடமிருக்காது. ஆனாலும் தண்ணீர் ஒரேயடியாகப் பாயாமல் மெல்ல இறங்கும். சரிவை வெட்டிக் கட்டிய வீட்டின் தடுப்புச்சுவருக்கு அதுவே பெரிய உபகாரம்.

பேனல் கால்களை மண்ணுக்கடியில் விரித்த தட்டில் பொருத்தி, மண்ணின் பாரத்தாலேயே நிறுத்துவது அருமையான வேலை. தளத்தில் ஒரு துளைகூட விழுவதில்லை. தெற்கே 10 முதல் 15 டிகிரி சாய்வு, கீழ் விளிம்பு மண்ணிலிருந்து 30 செ.மீ. உயரம்: இரண்டும் சரி.

கோளாறு அந்த விளிம்புக்கு நேர் கீழேதான். பேனலில் விழும் மழையெல்லாம் ஒரே கோட்டில் கொட்டி, மண்ணை அரித்து வாய்க்கால் எடுத்து, அடியிலுள்ள, மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணியை வெளியே காட்டிவிடுகிறது. அங்கே ஓரடி அகலத்துக்கு 20 எம்.எம். ஜல்லி கேட்டு வாங்குங்கள். அடுத்தது வடிகால் வாய். சில்வர் ஓக் இலை அடைத்தால் தண்ணீர் தேங்கிப் பாரம் ஏறும். சுற்றி ஜல்லி, திறந்து பார்க்க மூடி, கைப்பிடிச் சுவரில் உபரிநீர்க் குழாய் மூன்றும் இல்லாமல் வேலையை முடிக்க விடாதீர்கள்.

நனைந்த 10 செ.மீ. மண் சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு, கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 சொல்லும் மேற்பாரமே (ஆட்கள், சாமான்களின் எடை) சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் தொடவே கூடாது. தகரக் கூரை, ஓட்டு வீடு இரண்டுக்கும் இது ஆகாது.

மண் கொட்டுமுன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி ஒழுக்குப் பாருங்கள். பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். வேகமாகப் படரும் களையான கிக்குயு புல் தலைகாட்டினால் வேரோடு பிடுங்குங்கள். குரங்கு இழுக்காதபடி ஒயர் முழுவதும் குழாய்க்குள் போகட்டும். தேங்காய் நார்க்கழிவு கலந்த மண்ணிலிருந்து வடியும் நீர் டீ நிறத்தில் இருக்கும். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் ஆகும், குடிக்க ஆகாது.

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது சோலாருக்கு மட்டும். மண், தட்டு, வாட்டர்ப்ரூஃபிங் செலவு முழுக்க உங்களுடையது.