கயிற்றில் ஏறி வந்த சிகரெட்டும் எட்டு மாத நிக்கோட்டின் சூயிங்கமும்

ரங்கூனில் நாங்கள் குடியிருப்பது ஐந்தாம் மாடி. லிப்ட் கிடையாது. இந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் மாடிக்கு மாடி தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப் அல்லது பை, மேலே ஒரு மணி. கீழேயிருந்து கயிற்றை ஆட்டினால் வீட்டில் மணி அடிக்கும். செய்தித்தாள் அப்படித்தான் வரும், என் சிகரெட்டும் அப்படித்தான் வந்தது. பையில் பணத்தை இறக்கினால் வெற்றிலைக் கடைப் பையன் இரண்டு குச்சி போட்டு அனுப்புவான். படியிறங்கும் சிரமம்கூட இல்லாமல் உடம்பைக் கெடுத்துக்கொள்ள இதைவிட வசதி வேண்டுமா?

26 வருடப் பழக்கம். காளியம்மன் கோயில் விரத நாட்களில் மட்டும் விடுவேன். விரதம் முடிந்த அன்றே கயிற்றை இறக்குவேன். மைத்துனர் சென்னையிலிருந்து 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் கொண்டுவந்து கொடுத்தபோது, "மிட்டாய் தின்று எவன் திருந்தினான்?" என்று சிரித்தேன்.

முதல் வாரம் அவர் மேல்தான் கோபம். விக்கல், நெஞ்செரிச்சல், தாடை வலி. தப்பு என்னுடையது: சாதாரண சூயிங்கம்போல் அரைத்துத் தள்ளினேன். மெதுவாக மென்று, நாக்கில் மிளகுக் காரம் ஏறியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி இரண்டு மெல்லு. அரை மணி நேரம் இப்படிப் போகும். நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகத்தான் உடம்பில் ஏறுகிறது. விழுங்கிய எச்சில் வயிற்றைத்தான் எரிக்கும். பிறகு மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? பத்து என்றேன். அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் வேண்டும் என்று மாற்றிக் கொடுத்தார். அதன் பின்தான் கை நடுக்கமும் எரிச்சலும் அடங்கின.

ஆனால் டீக்கடையில் அது உதவாது. மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே எதையும் குடிக்கக் கூடாது, மெல்லும்போதும் கூடாது. எனக்கோ டீயும் புகையும் ஒட்டிப் பிறந்தவை. கடை வாசலில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டரைக் கண்டாலே விரல் இரண்டும் விரியும். மூன்று மாதம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. வீட்டில் டீயைக் குடித்துவிட்டு, சட்டைப்பையில் ஒரு டப்பி சோம்போடு தெருவில் நடந்தேன். ஆசை வந்தால் நாலைந்து நிமிடம்தான் ஆட்டும். அதற்குள் தெருமுனை வந்துவிடும். நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். ஒருவர், "சிகரெட்டுக்குப் பதில் வெற்றிலை போடுங்கள் அண்ணே" என்று அன்போடு நீட்டினார். இங்கே அதில் பெரும்பாலும் புகையிலை இருக்கும். புகையிலை இல்லாத பாக்குக்கும் வாய்ப்புற்று வரும். மறுத்துவிட்டேன்.

நாலாம் மாதம் வழுக்கினேன். மின்சாரம் போன ஒரு இரவு, புழுக்கம், தூக்கமில்லை. இருட்டில் கயிற்றை இறக்கினேன். பாதி குடிப்பதற்குள் தலை சுற்றியது. மறுநாள் காலை மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பையை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். நான் சூயிங்கம் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். கணக்கை முதலிலிருந்து தொடங்கவும் இல்லை.

12 வாரத்தில் நிறுத்தச் சொல்லி அட்டையில் போட்டிருக்கிறது. எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. கடைசி இரண்டு மாதம் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று மட்டும். குறை சொல்வதானால், சுவை சகிக்காது, பல்செட் வைத்தவர்களுக்கு ஒத்துவராது, உறையை உரிக்க நகம் வேண்டும். ஆத்திரத்தில் இருப்பவன் கையில் அந்த உறை ஒரு சோதனை.

இப்போது டீக்கடைக்குப் போகிறேன், லைட்டருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். கயிறு இன்னும் தொங்குகிறது. நேற்று மணி அடித்தது. இழுத்துப் பார்த்தால் மனைவி சொல்லிவைத்த கறிவேப்பிலை.